கிழக்கே வாசல், மேற்கே நிழல்

2012 ஏப்ரல் 14, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பின்சுவரில் தொங்கும் வெப்பமானி பாரன்ஹீட்டில் எழுபத்தொன்று காட்டியது. அதைச் சென்டிகிரேடாக மாற்றி நோட்டில் இருபத்திரண்டு என்று எழுதினேன். பால் காய்ச்சிக் காப்பி போட்டேன். புல்தரைக்குத் தண்ணீர் விடும் குழாயை ஆறு மணிக்குத் திறந்து ஆறு இருபதுக்கு மூடினேன். பிறகு, முந்தைய நாள் தபாலில் வந்திருந்த ஒரு கடிதத்துக்கு இரண்டு துளை போட்டு, 'வீடு' என்று எழுதிய கோப்பில் சேர்த்தேன். எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் அனுப்பியது அது. என் வீட்டின் பின்பக்கம் புதிதாக அமைக்கப்பட்ட நிழலை நேரில் பார்வையிட்டதாகவும், அதன் உயரம், அகலம், நிறம் மூன்றும் விதிகளுக்கு உட்பட்டிருப்பதாகவும், ஆகவே ஒப்புதல் அளிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். கீழே ஒரு கையெழுத்து.

நிழலுக்கு ஒப்புதல் கடிதம். கடலூர் மாவட்டத்தில் நாற்பது வயது வரை இருந்தவன் நான். அங்கே நிழல் என்பது தேடிப் போய் நிற்கும் இடம். டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனை ஒட்டிய இந்தப் புறநகரில், அது விண்ணப்பம் எழுதி, வரைபடம் இணைத்து, ஆறு வாரம் காத்திருந்து வாங்கும் பொருள். பேட்டியோ கவர் என்பார்கள். வீட்டின் பின்சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு சிமென்ட் தரை இருக்கும். அதற்கு மேலே தூண் நிறுத்திப் போடும் கூரைதான் அது. என்னுடையது அலுமினியம். பதினாறடி அகலம், பன்னிரண்டடி ஆழம், பழுப்பு நிறம். வேலை முடிந்து ஐந்து நாள் ஆகியும் நான் ஊரில் யாருக்கும் அதைக் காட்டவில்லை. ஒப்புதல் வரட்டும் என்று இருந்தேன்.

இந்தக் கூரையை நான் வெயிலுக்குப் பயந்து போட்டதாக அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். நோட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லை, ஆகவே இங்கேயும் எழுதவில்லை. என் தங்கையின் புருஷன் குணசேகரன்மேல் இருந்த பொறாமையில் போட்டேன். அவன் சிதம்பரத்தில் தன் வீட்டு வாசலில் ஒரு கூரை போட்டான். அதன் கீழே என் அப்பா போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து அவரை எழுப்பி, என் கூரையின் கீழே உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்ணாடத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். சாலையைப் பார்த்த திறந்த கொட்டகை. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கரும்பு வண்டிகளும் லாரிகளும் அவர் முன்னால் வரிசையில் நிற்கும். காத்திருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அவர் எழுதிக்கொண்டே பதில் சொல்வார். ஓய்வு பெற்றுக் கடலூர் பாதிரிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தபிறகும் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது. ஒயர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் அப்போது சிப்காட்டில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, அளந்து, எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் அங்கேதான் பிடித்தது. 2004இல் மனைவி மலரோடு இங்கே வந்தேன். இரண்டு வருஷத்தில் அம்மா போய்விட்டாள். அதன்பின் அப்பா பாதிரிக்குப்பத்தில் தனியாக இருந்தார்.

2009 மே மாதம் அவரை இங்கே கூட்டி வந்தேன். ஐந்து மாதம் இருப்பதாகத்தான் பயணச்சீட்டு. வந்த மூன்றாம் நாள் மத்தியானம், வண்டி நிறுத்துமிடத்துக்கு முன்னால், சாலையைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இங்கே வீட்டு முன்பக்கம் யாரும் உட்காருவதில்லை. முன்பக்கம் புல் வளர்ப்பதற்கு. மனிதர்கள் எல்லாரும் பின்பக்கம், ஆறடி உயரப் பலகை வேலிக்குள். எதிர்வீட்டு லிண்டா என்ற அம்மாள் சாலையைத் தாண்டி வந்து அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துத் தலையை ஆட்டியிருக்கிறார். அவள் கவலைப்பட்டு என் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினாள். உங்கள் மாமனார் சாவி இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது, கேட்டால் ஆமாம் என்கிறார், என் வீட்டில் வந்து உட்காரச் சொல்லட்டுமா என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்கு மானம் போனது. அன்று சாயங்காலம் வந்ததும் நாற்காலியை நானே தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"இங்க எல்லாரும் பின்னாடிதாம்பா ஒக்காருவாங்க."

"சரிப்பா" என்றார்.

அதன்பின் தினமும் பின்னால்தான் உட்கார்ந்தார். எங்கள் வீட்டின் பின்பக்கம் மேற்கு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அந்தச் சிமென்ட் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. வேலி ஓரம் விழும் முழ அகல நிழலில் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஏழாவது வாரம், ஊருக்குப் போகிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன். "வெய்யில் ஜாஸ்தியா இருக்குதுப்பா" என்றார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பெண்ணாடத்து வெயிலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் இந்த வெயிலைச் சொல்வாரா என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னதை எழுதுவதுதான் என் பழக்கம். சொல்லாததை எழுத எனக்குப் பயிற்சி இல்லை.

மறு வருஷம் ஐப்பசியில் தங்கை கலா பேசியபோது சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா இங்கதாண்ணா இருக்காரு. ஒரு மாசம் ஆவுது. இவரு வாசல்ல ஷீட் போட்டாரு. அதுலேர்ந்து பாதிரிக்குப்பம் போவவே மாட்டேங்குறாரு." கடலூர் வீட்டைப் பூட்டிச் சாவியைக்கூட அவளிடமே கொடுத்துவிட்டாராம். பிள்ளை வீட்டில் ஏழு வாரம் தாங்காத மனிதர் மாப்பிள்ளை வீட்டில் குடியேறிவிட்டார். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது ஒரே வரி: 'குண. ஷீட் போட்டிருக்கிறான்.' மூன்று முறை அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

2011 மே மாதம் விடுமுறையில் போய் அதைப் பார்த்தேன். குணசேகரன் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். சிதம்பரத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. முன் அறைதான் கடை. வாசலில் நான்கு இரும்புப் பைப் நட்டு, மேலே நீல நிறத் தகர ஷீட் போட்டிருந்தான். அப்பா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டாரைத் தோளில் தூக்கி வந்தவர், ரசீதுக்குக் காத்திருந்தவர், சும்மா வந்தவர் என்று ஐந்தாறு பேர். என்னைக் கண்டதும், "என் மவன், அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்கான்" என்று அப்பா எல்லாருக்கும் சொன்னார். ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அப்பாவின் வாசலில் எனக்கு விருந்தாளி நாற்காலி.

நான் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே கூரையை அண்ணாந்து பார்த்தேன். போல்ட்டுகளில் பாதிக்கு வாஷர் இல்லை. பைப்புகள் நேர்க்கோட்டில் இல்லை. எல்லாவற்றையும்விட, சரிவு வீட்டுப் பக்கமாக இறங்கியது. தெருப்பக்கம் உயரம், சுவர்ப் பக்கம் தாழ்வு. அப்படி யாராவது கூரை போடுவார்களா? எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது.

"மாப்ள, சரிவு தப்பா இருக்குதே. மழ பெஞ்சா தண்ணி சொவுத்துல இல்ல எறங்கும்?"

"எறங்கட்டும் மச்சான். சொவுரும் வருஷத்துல நாலு நாளு குளிக்கட்டுமே."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க. என் வீட்டில் இருந்த ஏழு வாரத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் எப்போது பார்த்தேன் என்றும் நினைவில்லை.

"வெளையாட்டு இல்ல மாப்ள. ஏன் இப்பிடிப் போட்டீங்க?"

"தெருப் பக்கம் ஒசத்தி வச்சாத்தான் மச்சான் மாமாவுக்கு வர்றவன் மூஞ்சி தெரியும். தாழ்வா இருந்தா காலுதான் தெரியும். மாமாவ நடுவுல ஒக்கார வச்சி, எங்க வரைக்கும் தெரியணும் மாமான்னு கேட்டு, அவரச் சுத்திப் பைப்ப நட்டுட்டேன். அர நாளு வேல."

"அவுரு அளவு எடுக்கல. என்னைய எடுத்தாரு" என்றார் அப்பா. மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் நோட்டில், 'சரிவு தவறு. வாஷர் இல்லை. காற்றுக்கு நிற்காது' என்று எழுதினேன். 'காற்றுக்கு நிற்காது' என்பதை எழுதும்போது அது கணிப்பா, ஆசையா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் கடலூர்க் கரையில் புயல் அடித்தது. நீங்கள் எல்லாரும் அறிந்ததுதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போன புயல். மூன்று நாள் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை எண்ணைச் சுற்றி, கிடைக்கவில்லை என்று நேரத்தோடு எழுதிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை ஏழே காலுக்குக் கலா எடுத்தாள்.

"அண்ணா! இப்பத்தான் லைன் கெடச்சிது. கரென்ட்டு இன்னும் வரல..."

"ஷீட் பறந்துடுச்சா?" என்றேன்.

"என்னா?"

"அதான், மாப்ள போட்டது. வாசல்ல."

கலா, "அப்பா நல்லா இருக்காருண்ணா" என்றாள்.

நான் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். நான் கேட்டதற்கான பதிலைக் குணசேகரன் தொலைபேசியை வாங்கிச் சொன்னான். "மச்சான், ஷீட்டு ரயில்வே கேட்டத் தாண்டிப் போயிடுச்சி. டிக்கெட்டே எடுக்கல!" அவனுக்கு அதுவும் சிரிப்புத்தான். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் ஏற்பட்டது மகிழ்ச்சிதான், வேறு பெயர் வைக்க முடியாது. என் கணிப்பு சரி. வாஷர் இல்லை, பறந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தேதியோடு இருக்கிறது, அழிக்க முடியாது.

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. அடுத்த சனிக்கிழமை பேசியபோது, விழுந்த தென்னைகளிலிருந்து ஓலை வெட்டி, கீற்று முடைந்து, அதே நான்கு பைப்பில் கூரை போட்டாயிற்று என்றாள் கலா. ஷீட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அப்பா சொன்னாராம். அன்றைக்கே நான் பேட்டியோ கவருக்குத் தனி நோட்டு வாங்கினேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமைகளில், பின்பக்கத் தரையில் ஒரு முக்காலியை வைத்து, மணிக்கு ஒருமுறை அதன் நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டேன். கோடைக்குச் சூரியன் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டுக் கோடுகளைத் திருத்தினேன். தரை முழுக்கக் கோடும் எண்ணும் ஆனது. "யாராவது பார்த்தா சூனியம் வக்கிறோம்னு நெனைக்கப் போறாங்க" என்றாள் மலர். கூரை விற்கும் கடையில் நான்கு வகை இருந்தன. தேவதாரு மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பது ஒன்று. பார்க்க அழகு, ஆனால் அதில் நிழல் கோடு கோடாக விழும், அப்பா முகத்தில் வரிக்குதிரை மாதிரி இருக்கும். முக்கோணத் துணியை மூன்று கம்பத்தில் இழுத்துக் கட்டுவது இரண்டாவது. அது கல்யாணப் பந்தலில் பாதியைக் காற்று கொண்டுபோன மாதிரி இருந்தது. வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு வெளிச்சத்தோடு வெக்கையையும் விடும். கடைசியாக, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த கூரை. வெப்பம் இறங்காது, மழைச் சத்தம் கேட்காது. ஒவ்வொன்றைப் பற்றியும் என்ன கேட்க வேண்டும் என்றார் கடைக்காரர். எனக்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு காற்றுக்கு நிற்கும்? புயல் காற்றுக்கே நிற்கும் என்று அலுமினியத்தைக் காட்டினார். அதையே எடுத்துக்கொண்டேன்.

பொருத்த வந்தவர் பெயர் ஹெக்டர். அளவெடுக்க வந்த அன்று, இதன் கீழே என்ன செய்யப்போகிறீர்கள், இறைச்சி சுடும் அடுப்பா, விருந்து மேஜையா, சுடுநீர்த் தொட்டியா என்று கேட்டார்.

"என் அப்பா உட்காருவார்."

"சரி. உட்கார்ந்து என்ன செய்வார்?"

"உட்காருவார்."

ஹெக்டர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு எட்டிப் பார்த்தேன். 'அடுப்பு பின்னர்' என்று இருந்தது.

முதல் தூண் நடும் அன்று மலர் அதிகாலையில் குளித்துவிட்டு வந்து, அந்தத் தூணுக்கு மஞ்சள் தடவி ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பந்தக்கால் நடுவதுபோலத்தானே என்றாள். ஹெக்டரின் ஆட்கள் வந்தபோது நான் உள்ளே இருந்தேன். தரையெல்லாம் என் சாக்பீஸ் குறிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். துளையிடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். குங்குமத்தின் நட்டநடுவில், ஒரு மயிரிழை பிசகாமல், துளை போட்டிருந்தார்கள். நீங்கள் குறித்த இடம்தானே என்றார் ஹெக்டர். பிறகு அதைப் பழுப்புப் பசை வைத்து அடைத்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

சரிவை நான் விதிப்படி வெளிப்பக்கமாக இறக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தால் வேலியின் மேல் விளிம்புவரைதான் தெரியும். அது போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் பார்க்க வானம்தானே இருக்கிறது.

ஏப்ரல் 14க்கு வருகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணி சிதம்பரத்தோடு பேசும் நேரம். அங்கே மாலை ஐந்தரை. கணினியில் அப்பாவின் முகம் தெரிந்ததும், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். தூண், கூரை, மேற்கே இறக்கிவிடும் துணித் திரை, அப்பாவுக்காக வாங்கிய நாற்காலி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அளவுகளைச் சொன்னேன். புயலுக்கே நிற்கும் என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அப்பாவும் குணசேகரனும் கீற்றுக் கூரையின் கீழே, ஒரே திரையில் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"யப்பா, ஏரோப்ளேன் மாதிரி இருக்குது மச்சான்" என்றான் குணசேகரன்.

"நல்லா இருக்குதுப்பா" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "இது எந்தப் பக்கம்?" என்றார்.

"பின்பக்கம்ப்பா. நீங்க ஒக்காருவீங்களே, அதே எடம். இப்ப வெய்யிலே படாது. வைகாசியில வந்துடுங்க. டிக்கெட் போட்டுடறேன்."

"ம்" என்றார். பிறகு, "டீ வந்திருக்கும், பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

குணசேகரன் அவர் உள்ளே போகும்வரை பார்த்துவிட்டு, திரைக்குக் கிட்டே வந்தான். சிரிக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. போன தடவ அவரு வெய்யிலுக்காகத் திரும்பி வரல."

"பின்ன?"

"பொழக்கடையில ஒக்கார வச்சிட்டீங்க."

"மாப்ள, இங்க எல்லாரும் அங்கதான் ஒக்காருவாங்க. நான்கூட..."

"அது எனக்குத் தெரியும் மச்சான். அவருக்குந்தான் தெரியும். தெரிஞ்சு என்னா? சின்ன வயசுல அவுங்க அப்பாகூடக் கரும்பு வெட்டப் போவாராம். பெரிய வீடுங்கள்ல வாசலால விட மாட்டாங்களாம். சுத்திக்கினு பொழக்கடைக்கு வரணும். பாத்திரம் கழுவுற தண்ணி போற எடத்துல ஒக்கார வச்சிச் சோறு போடுவாங்களாம். எடைமேடையில வேலைக்கு ஒக்காந்த அன்னிக்கு, இனிமே எவன் வூட்லயும் பின்னாடி ஒக்காருறது இல்லன்னு இருந்தாராம். அதே ஆளுங்க வண்டிதான் அவரு முன்னால வரிசையில நிக்குமாம். அத சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"ஒங்ககிட்ட எப்பிடி மச்சான் சொல்லுவாரு? நீங்கதான ஒக்கார வச்சது."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்ததும், அப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்ததும் நினைவுக்கு வந்தன. 'சரிப்பா' என்று அவர் சொன்னதை நான் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

"வாசப் பக்கம் போட முடியாதா மச்சான்?"

"சங்கத்துல விட மாட்டாங்க."

"நெழல் போட ஒரு சங்கமா?" என்று அவன் பழையபடி சிரிக்க ஆரம்பித்தபோது அப்பா டம்ளரோடு வந்து உட்கார்ந்தார்.

"என்னா பேசிக்கினு இருக்கீங்க?"

"சும்மா மாமா. ஷீட்டு பறந்த கத."

"வைகாசி கழியட்டும்ப்பா, பாக்கலாம்" என்றார் அப்பா என்னிடம். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க நான் என் கூரையின் கீழேதான் இருந்தேன். வீம்புதான். நல்ல கூரை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் என்னை அரித்தது அப்பாவின் பழைய துக்கம் அல்ல, அதைச் சொன்ன வாய். அவருடைய சிறுவயது அவன் வீட்டு வாசலில் இருக்கிறது. பிள்ளையாகிய எனக்கு அவர் கொடுத்தது வெயில் ஜாஸ்தி என்ற ஒரு வரி மட்டும். ஷீட் பறந்ததுபோல இதுவும் அவனிடமிருந்து பறக்குமா என்றால், பறக்காது. அதற்கு வாஷர் தேவையில்லை.

மத்தியானம் இரண்டே காலுக்குத் தபால் எடுக்க முன்பக்கம் போனேன். பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தவன், தாளில் வெயில் கூசாததைக் கவனித்து நின்றேன். காலுக்குக் கீழே நிழல். என் வீட்டின் நிழல்தான். எங்கள் வாசல் கிழக்கு. மத்தியானம் திரும்பியதும் வீடே தன் நிழலை முன்பக்கம் போட்டுவிடுகிறது. நடைபாதையின் பாதிவரை, ஒரு நாற்காலிக்கு நன்றாகவே இடம் தரும் அளவுக்கு விழுந்திருந்தது. நேரம் போகப் போக இன்னும் நீளும். 2009இல், அப்பா நாற்காலி போட்ட அந்த மத்தியானமும் அங்கே அந்த நிழல் இருந்திருக்கும். அதில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் பின்பக்கத்துக்குக் கோடு போட்ட நான் முன்பக்கத்துக்கு ஒரு கோடும் போடவில்லை. இந்த நிழலுக்கு அனுமதி தேவையில்லை. கோப்பைத் திறந்து சங்கத்தின் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். வாசலில் கூரை கூடாது, வேலி கூடாது, கொடி கட்டக் கூடாது. நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக்கும் வெப்பமானிக்கும் முன்னால், பின்பக்கக் கூரையின் கீழிருந்த அப்பாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தேன். சாலையைப் பார்த்துப் போட்டேன். அளவு என்றால் முதல் மணியிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே நாற்காலிக் காலடியில் சாக்பீஸால் முதல் கோட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நேர் எதிரே சூரியன். கண்ணைத் திறக்க முடியவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த லிண்டா சாலையின் அந்தப் பக்கம் நின்றாள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்டாள்.

இல்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

அவள் கையை உயர்த்திவிட்டு நடந்தாள். திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் மடியில் இருந்த நோட்டைப் பிரித்து, எப்போதும்போல இரண்டு ஊர் நேரத்தையும் போட்டு எழுதினேன்:

இங்கே காலை 7.10. வாசல். வெயில்.

அங்கே மாலை 5.40. வாசல். நிழல்.